செட்டிநாட்டு ஊர்ச்சாலைகளில் இரைச்சல் இல்லாமல் சைக்கிள் ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

மலைச்சாலை என்றால்தான் சைக்கிள்காரர்களுக்குக் கண் விரியும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70 என்று எண்ணிக்கை சொல்லியே ஆசை காட்டுவார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ஹாரன் சத்தம் இல்லாமல், பின்னால் என்ன வருகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்க்காமல், கூட வருகிறவரோடு பேசிக்கொண்டே இரண்டு மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது செட்டிநாட்டைத்தான்.

மலைக்கு ஏறுவது பெரும்பாலும் ஒரே சாலை. பஸ், லாரி, சுற்றுலா வேன் எல்லாம் அதில்தான் வந்தாக வேண்டும், ஒதுங்க வேறு வழி கிடையாது. செட்டிநாட்டில் நிலைமை நேர் எதிர். காரைக்குடியைச் சுற்றி சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களிலும் ஊர்கள் கிட்டக் கிட்ட இருக்கின்றன, ஒவ்வொரு ஊரிலிருந்தும் மூன்று நான்கு ஊர்களுக்கு ஒல்லியான தார்ச்சாலை பிரிந்து போகிறது. பர்மா, இலங்கை, மலாயா என்று போய்ச் சம்பாதித்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கட்டிய பெரிய வீடுகள் ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நிற்கின்றன, ஆனால் அந்தக் குடும்பங்களில் பல இப்போது சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. ஊர் பெரிது, சாலை இருக்கிறது, வண்டி குறைவு. சைக்கிளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். அமைதியான சாலை தானாகக் கிடைக்காது, தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான சாலையில், தவறான நாளில் இறங்கினால் இதே காரைக்குடியில் டிப்பர் லாரிக்கும் டூரிஸ்ட் பஸ்ஸுக்கும் நடுவில்தான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில், சாலையைக் கண்டுபிடிப்பது

என்னுடைய விதி இதுதான்: எந்தச் சாலை வேறெங்கும் போகக் குறுக்குவழியாக இல்லையோ அதுதான் சைக்கிளுக்கான சாலை. அந்த ஊர்க்காரர் மட்டும் அந்த ஊருக்குப் போக வர உபயோகிக்கிற சாலையில் ஒரு டவுன் பஸ், நாலைந்து பைக், ஒரு பால் வண்டி, அவ்வளவுதான் வரும். இரண்டு பெரிய ஊர்களை நேராக இணைக்கிற சாலை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் வேகமாகப் போகிறவர்கள் இருப்பார்கள்.

போனில் வரைபடத்தைத் திறந்து முதலில் விலக்க வேண்டிய சாலைகளை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். திருமயத்திலிருந்து காரைக்குடி வழியாகத் தேவகோட்டை, ராமநாதபுரம் போகும் நெடுஞ்சாலை ஒன்று. மேலூர், திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி பக்கமாக வரும் மதுரை ரோடு இன்னொன்று. கோட்டையூர், புதுவயல் வழியாக அறந்தாங்கி போவது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் நடுவில் கிடக்கிற மெல்லிய கோடுகள்தான் உங்களுக்கானவை. ஒரு மெல்லிய கோடு பிடித்திருந்தால் சாட்டிலைட் படத்துக்கு மாற்றிப் பாருங்கள், தார் போட்டிருந்தால் கறுப்பாகத் தெரியும், செம்மண் பாதையாக இருந்தால் சிவந்து தெரியும். இங்கே மண் அவ்வளவு சிவப்பு என்பதால் இந்த வித்தியாசம் வேறு ஊர்களைவிடத் தெளிவாகவே பிடிபடும்.

சாலையில் இறங்கிய பிறகு மைல்கல்லைப் பாருங்கள். கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, கறுப்பு அல்லது நீலம் என்றால் மாவட்டச் சாலை. ஆரஞ்சு நிறத் தலை தெரிந்தால் அது பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது, மனசு குளிர்ந்து அந்தச் சாலைக்குள் திரும்பலாம். போனில் சிக்னல் போய்விட்டாலும் இந்தக் கற்கள் வழி சொல்லும். ஆனாலும் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது, கண்மாய்களுக்கு நடுவே போகும் சில சாலைகளில் சிக்னல் சரியாக நிற்பதில்லை.

கண்மாய்க் கரை மேலேயே போகிற சாலை கிடைத்தால் விடாதீர்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், இடையில் பனைமரங்கள். கரை வளைந்து வளைந்து போவதால் யாரும் வேகமாக ஓட்ட முடியாது, அதனாலேயே அவசரக்காரர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை.

எந்த மாதம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு

மார்கழி, தை, மாசி. இதைத்தான் முதலில் சொல்வேன். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய்கள் நிரம்பியிருக்கும், வெயில் தணிந்திருக்கும், வயல் பச்சையாக இருக்கும். பங்குனியிலிருந்து வெயில் ஏறிவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் காலை எட்டு மணிக்கு மேல் ஓட்டாதீர்கள், இது தைரியம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

வெயில் காலத்தில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும், தையில் ஆறரை மணிக்குத்தான் சூரியன் வரும். விடிவதற்குக் கால் மணி நேரம் முன்னால் கிளம்பினால் விடியும்போது ஊரைத் தாண்டியிருப்பீர்கள். எட்டு மணியிலிருந்து ஒன்பதேகால் வரை பள்ளிக்கூட வேன்கள் ஊர் ஊராகச் சுற்றும், சின்னச் சாலைகளில் அவைதான் பெரிய வண்டி, ஓட்டுகிறவருக்கும் அவசரம் இருக்கும். வார நாட்களில் அந்த நேரத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிடுங்கள். மார்கழியில் விடியற்காலை மூட்டம் இருந்தால் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்க வேண்டும், பகலாகிவிட்டது என்று அணைக்காதீர்கள்.

ஞாயிறு எப்போதும் அமைதி என்று நினைத்துவிட வேண்டாம். காலண்டரில் முகூர்த்த நாளா என்று பாருங்கள். பூட்டிக் கிடக்கிற அந்தப் பெரிய வீடுகள் கல்யாணத்துக்கும் சாந்திக்கும் (அறுபதாம் கல்யாணம்)தான் திறக்கின்றன, முகூர்த்த நாளில் தெருவுக்குப் பத்து கார் நிற்கும். விநாயகர் சதுர்த்தி, சங்கடஹர சதுர்த்தி என்றால் பிள்ளையார்பட்டிப் பக்கம் வேண்டாம். தைப்பூசத்துக்கு முந்தின நாட்களில் நகரத்தார் காவடியும் அவர்களோடு ஆயிரக்கணக்கானவர்களும் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடந்து போவார்கள். அந்த நாட்களில் அந்தச் சாலை அவர்களுடையது, நாம் வேறு பக்கம் போவதுதான் மரியாதை. பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும் நாளும் அப்படித்தான், அந்த வட்டாரத்தில் எல்லாச் சாலையிலும் கூட்டம் இருக்கும்.

அப்புறம் காற்று. இங்கே மேடு குறைவு, ஆனால் காற்று உண்டு, மேட்டுக்கு ஈடாக உழைப்பு வாங்கும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும். அதனால் அந்த மாதங்களில் கிளம்பும்போது மேற்கு நோக்கிக் கிளம்புங்கள், கால் புதிதாக இருக்கும்போதே எதிர்காற்றைச் சமாளித்துவிட்டால் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். இதை மாற்றிச் செய்கிறவர்கள் போகும்போது தங்களுக்குப் பெரிய வேகம் வந்துவிட்டதாக நம்பி அதிக தூரம் போய்விடுகிறார்கள்.

சைக்கிளும் முள்ளும்

எந்த சைக்கிள் என்று யோசித்து மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். தரை சமமாக இருப்பதால் கியர் பெரிய பிரச்சினை இல்லை, ஒரு சாதாரண ஹைப்ரிட் (நேர்க் கைப்பிடி சைக்கிள்) போதும். ரோடு சைக்கிள் இருந்தால் டயர் மட்டும் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள், ஃபிரேமில் இடம் இருந்தால் 32. ஊர்ச்சாலையில் தார் தேய்ந்து ஜல்லி தெரிகிற இடங்கள் வரும், 23 மில்லிமீட்டர் டயரில் கை மரத்துப்போகும். 32 டயருக்கு, சுமாரான எடை உள்ளவர் 60 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று அடித்தால் போதும். டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கிற அதிகபட்ச அளவை ஒட்டி அடிக்க வேண்டியதில்லை, அடித்தால் ஜல்லியில் சைக்கிள் துள்ளும், பிடிப்பும் குறையும்.

இந்த வட்டாரத்தில் சைக்கிளுக்கு உண்மையான எதிரி சீமைக்கருவேலம். கண்மாய்க்குள்ளும் சாலை ஓரத்திலும் அடர்ந்து கிடக்கிறது, விறகுக்கு வெட்டிக் கட்டாகக் கட்டி டிராக்டரில் ஏற்றிப் போகும்போது முள் சாலையில் சிந்திக்கொண்டே போகும். காய்ந்த முள் டயரின் ரப்பரைத் துளைத்து உள்ளே நின்று முனை ஒடிந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதற்குத் தயாராகாமல் இங்கே ஓட்டக் கூடாது.

தயாராவது எப்படி? பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர் வாங்குங்கள், கொஞ்சம் கனம்தான், பரவாயில்லை. டியூப்லெஸ் வசதி இருந்தால் சீலன்ட் ஊற்றி வையுங்கள், சின்ன முள் துளைகளை அது தானாக அடைத்துவிடும். வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்கிறது, கம்பெனி சொல்லும் காலத்துக்கு முன்பே திறந்து பார்த்து நிரப்ப வேண்டும். டியூப் உபயோகிக்கிறவர்கள் இரண்டு உபரி டியூப், ஒட்டுப் பட்டைகள், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, கைப்பம்பு, ஒரு சின்ன இடுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். இடுக்கியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஒடிந்த முள்ளை விரல் நகத்தால் எடுக்க முடியாது.

ஏன் உபரி டியூப்பை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஊர்களில் சைக்கிள் கடை இல்லாமல் இல்லை. அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இலவச சைக்கிள் ஊர் ஊராக ஓடுகிறது, அதற்கான டியூப்பும் பழைய கால வால்வும் எந்தக் கடையிலும் கிடைக்கும். உங்கள் ஹைப்ரிட், ரோடு சைக்கிளின் 700சி அளவுச் சக்கரத்துக்கு அது பொருந்தாது. ஒல்லி பிரெஸ்டா வால்வுக்குக் கடைப் பம்பு சேராது, ஒரு சின்ன பித்தளை அடாப்டர் வால்விலேயே மாட்டி வைத்திருந்தால் பைக் கடையில்கூடக் காற்று அடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒட்டுப் போடும் கைப்பக்குவம் அந்தக் கடைக்காரர்களிடம் அருமையாக இருக்கும், உங்கள் டியூப்பை நீட்டினால் கச்சிதமாக ஒட்டித் தருவார்கள்.

பஞ்சர் ஆனால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். சாலையை விட்டு நன்றாக விலகி நில்லுங்கள், ஆனால் கருவேலம் உதிர்ந்த ஓரத்தில் சைக்கிளைப் படுக்கப் போடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றும் முன் டயரின் எழுத்து வால்வுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். டியூப்பை எடுத்துக் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்ததும், டியூப்பை டயர் மேல் அதே வாக்கில் வைத்துப் பார்த்தால் முள் டயரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். அந்த இடத்தை உள்பக்கமாகத் துணியால் துடையுங்கள், வெறும் விரலால் தடவ வேண்டாம், குத்தும். துணி சிக்குகிற இடத்தில் முனை நீட்டிக்கொண்டிருக்கும், இடுக்கியால் உள்பக்கமாகவே இழுங்கள். ஒன்று எடுத்த பிறகும் டயரை முழுச்சுற்று துடைத்துப் பார்க்க வேண்டும், இங்கே முள் ஒற்றையாகக் குத்துவது குறைவு. அதன் பிறகுதான் புது டியூப். இந்தத் துடைக்கிற வேலையை அவசரத்தில் விட்டால் புது டியூப்பும் அரை கிலோமீட்டரில் போய்விடும், கையில் மிச்சம் ஒன்றுதான் இருக்கும்.

ஹெல்மெட், முன் பின் விளக்கு, கண்ணாடி, வெளிர் நிறச் சட்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கைப்பிடியில் ஒரு சின்ன பின்பார்வைக் கண்ணாடி மாட்டினால் நிம்மதி கூடும். மணியும் கட்டாயம் வேண்டும், ஊருக்குள் குரல் கொடுத்து வழி கேட்பதைவிட மணி அடிப்பது எல்லோருக்கும் பழக்கமான நாகரிகம்.

தண்ணீரும் சாப்பாடும்

மணிக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் கொஞ்சம் குறையலாம். இரண்டு பாட்டிலில் ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஓஆர்எஸ் அல்லது உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர். டீக்கடைகள் விடியற்காலையே திறந்துவிடும், இட்லி ஏழு மணிக்குள் எந்த நடுத்தர ஊரிலும் கிடைக்கும். வெயில் காலத்தில் சாலையோரம் நுங்கு விற்பார்கள், நின்று சாப்பிடுங்கள். பைக்குள் போட்டுக்கொள்ள எனர்ஜி பார் தேட வேண்டியதே இல்லை, காரைக்குடிப் பலகாரக் கடையில் தேன்குழலும் மணகோலமும் வாங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டால் உப்பும் இனிப்பும் இரண்டும் ஆயிற்று, வெயிலில் உருகவும் செய்யாது.

மூன்று சுற்றுகள்

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குக் காரைக்குடிக்குப் பக்கத்திலேயே அரியக்குடி, இலுப்பைக்குடி, மாத்தூர் பக்கம் ஒரு சுற்று. அரியக்குடிப் பெருமாள் கோயில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு உள்சாலைகளில் திரும்புங்கள். மாத்தூரும் இலுப்பைக்குடியும் நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் இரண்டு, பக்கத்துப் பக்கத்து ஊர்கள், கல்லில் கட்டிய அழகான கோயில்கள். ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம், பஞ்சர் ஆனாலும் வீடு பக்கம். டயரில் எவ்வளவு காற்று, இருக்கை எவ்வளவு உயரம் என்று சரிபார்க்க இதுதான் இடம்.

இரண்டாவது சுற்று எனக்கு மிகவும் பிடித்தது. காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான். கோட்டையூர் வரை கொஞ்சம் வண்டி இருக்கும், அதனால் அந்த ஆறு கிலோமீட்டரை விடிவதற்குள் கடந்துவிட வேண்டும். பள்ளத்தூரைத் தாண்டினால் சாலை அடங்கிவிடும். கானாடுகாத்தானில் செட்டிநாட்டு அரண்மனை தெரு முனையில் நின்று பார்க்கும்போதுதான் அதன் அளவு புரியும், 1912-ல் முடித்த கட்டடம். தெருக்கள் நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டிப் போகின்றன, எந்த மூலையிலிருந்து திரும்பினாலும் மறுபடி அதே தெருவுக்கு வந்துவிடலாம், அதனால் வழி தவறும் பயமே வேண்டாம். மெதுவாக எல்லாத் தெருவும் சுற்றுங்கள்.

அங்கிருந்து மேற்கே ஆத்தங்குடி. நடுவில் திருமயம் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும், இந்தச் சுற்றிலேயே கவனம் அதிகம் தேவைப்படும் இடம் அதுதான். இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். கடந்ததும் மறுபடி அமைதி. ஆத்தங்குடியில் பூக்கல் (பூவேலைத் தரைக்கல்) செய்கிற பட்டறைகள் காலையிலேயே வேலையை ஆரம்பித்துவிடும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து நிறம் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சூளை கிடையாது, எல்லாம் கைவேலை. கேட்டுவிட்டு உள்ளே போனால் நின்று பார்க்க விடுவார்கள். ஆத்தங்குடியிலிருந்து தெற்கே உள்சாலைகளில் குன்றக்குடி வந்து திரும்பினால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். குன்றக்குடியிலிருந்து காரைக்குடிக்கு நேர்ச்சாலை என்பது மதுரை ரோடுதான், ஒன்பது மணிக்கு மேல் அதில் ஓட்டுவது சுகமில்லை, கொஞ்சம் சுற்றினாலும் உள்வழி தேடுங்கள்.

மூன்றாவது, நூறு கிலோமீட்டர் ஓட்டத் தயாரானவர்களுக்குப் பிரான்மலை. பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று போக வேண்டும், பெரிய சாலையைத் தவிர்க்கக் கீழச்சிவல்பட்டிப் பக்கத்து ஊர்ச்சாலைகள் உதவும். சமவெளியில் ஓட்டிப் பழகிய கண்ணுக்குச் சிங்கம்புணரி தாண்டியதும் மலை எழுந்து நிற்பது பெரிய சந்தோஷம். பாரி ஆண்ட பறம்பு மலை என்று சொல்லப்படுவது இதுதான். மேலே சைக்கிள் போகாது, நடைப்பாதைதான், அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயிலில் இளைப்பாறிவிட்டு மலையை ஒட்டிய சாலைகளில் சுற்றி வரலாம்.

இதே பக்கம் போகிறவர்கள் திருப்பத்தூர் வட்டாரத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கும் ஒரு காலை ஒதுக்குங்கள். 1977-ல் சரணாலயமாக அறிவித்தது, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் மழைக்காலத்துக்குப் பிறகு நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் வந்து கூடு கட்டும். பறவைகள் மிரண்டுவிடும் என்று அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல வருஷமாக இதைக் கடைப்பிடிக்கிறார்கள். கார் கதவு சாத்தும் சத்தம்கூட இல்லாமல் கரை வரைக்கும் போக முடிவது சைக்கிளில் மட்டும்தான், அந்த வாய்ப்பை ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக் கெடுக்காதீர்கள்.

சாலையில் என்ன வரும்

அறுவடைக் காலத்தில், தையிலும் மாசியிலும், சாலையிலேயே நெல் காயப்போடுவார்கள், உளுந்து, எள் செடிகளைப் பரப்பி வண்டி ஏற்றி அடிப்பார்கள். நெல் மேல் ஓட்டாதீர்கள், அது ஒருவருடைய வருஷத்து உழைப்பு, அதோடு சக்கரமும் வழுக்கும். வைக்கோல் பரப்பிய இடத்தில் இறங்கித் தள்ளுங்கள், ஒரு கைப்பிடி வைக்கோல் பின்கியரில் சுற்றினால் கியர் மாற்றும் கை (டிரேலியர்) வளைந்துவிடும்.

ஆட்டுமந்தை எதிரே வந்தால் ஓரமாக நின்றுவிடுவதுதான் சரி, மேய்க்கிறவர் பார்த்து வழிவிட்டுத் தருவார். மாடு மெதுவாகத்தான் நகரும், பின்பக்கமாகக் கடந்து போங்கள். மயில்கள் நிறைய. திடீரென்று ஓரத்திலிருந்து தாழப் பறந்து சாலையைக் கடக்கும், ஒன்று கடந்தால் பின்னாலேயே இன்னும் இரண்டு வரும் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். நாய் துரத்தினால் மிதித்துத் தப்பிக்கப் பார்க்காமல் நிறுத்தி இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு "ஏய், போ" என்று அதட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். மழைக்குப் பிறகு விடியற்காலையில் பாம்பு சாலையில் கிடக்கலாம், நின்று வழிவிடுங்கள்.

வேகத்தடைகளுக்குப் பல இடத்தில் வெள்ளைக்கோடு இருக்காது. ஊர் ஆரம்பம், பள்ளிக்கூடம், கோயில், இந்த மூன்றில் எது கண்ணில் பட்டாலும் வேகத்தடை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக மறுகால் பாயும்போது தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும். கணுக்கால் அளவுதானே என்று இறங்க வேண்டாம். தார் அரித்துப்போயிருந்தால் மேலிருந்து தெரியாது, பாசி வேறு வழுக்கும். திரும்பி வேறு வழி போங்கள். ஏதாவது அடிபட்டால் 108. அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு ஊராட்சியின் பெயரையும் சொன்னால் வண்டி சீக்கிரம் வந்து சேரும், ஒரே பெயரில் பல பட்டிகள் இருக்கின்றன. அதனால் கடந்து போகிற ஊரின் பெயர்ப்பலகையை வாசித்துக்கொண்டே போகும் பழக்கம் நல்லது.

ஊருக்குள்

ஊருணிக்குள் செருப்போடு இறங்கக் கூடாது, சைக்கிள் கழுவவே கூடாது. படித்துறை கட்டி வேலி போட்டுக் காத்து வைத்திருப்பது குடிதண்ணீருக்காக. அய்யனார் கோயில் காட்டுக்குள் போனால் ஷூவைக் கழற்றிவிட்டு, புரவிகள் மேல் சைக்கிளைச் சாய்க்காமல் பார்த்துவிட்டு வாருங்கள். பெரிய வீடுகளைத் தெருவில் நின்று படம் எடுக்கலாம், திண்ணையில் ஏறுவதற்கு முன் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் "அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கிறலாமா?" என்று கேளுங்கள். வயதான ஆச்சி இருந்தால் பேச்சுக் கொடுங்கள், தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பார்கள். உடம்போடு ஒட்டிய சைக்கிள் உடுப்பு மட்டும் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போவது நன்றாக இருக்காது, மடித்து வைக்க ஒரு வேட்டியோ துண்டோ பையில் இருக்கட்டும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடிக்கு நேராக வருகிறது, இரவு இறங்கித் தூங்கிவிட்டு விடியற்காலை கிளம்பலாம். சைக்கிளைப் பார்சல் ஆபீஸில் பதிவு செய்து லக்கேஜ் வேனில் ஏற்ற வேண்டும், முன்கூட்டியே போய்க் கேட்டுவிடுங்கள். பின்கியர்ப் பக்கத்தை அட்டை வைத்துக் கட்டி, பெயரும் போன் நம்பரும் எழுதி ஒட்டுங்கள்.

இதற்குப் பிறகு மலை

நூறு கிலோமீட்டர் சமவெளியில் சிரமமில்லாமல் ஓட்ட முடிந்தால் மலைக்குப் போகலாம். செட்டிநாட்டிலிருந்து தொடங்குவதற்கு ஏற்றது சிறுமலை. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், நத்தம் ரோட்டிலிருந்து பிரிகிறது, 18 கொண்டை ஊசி வளைவுகள். கொடைக்கானல், ஊட்டி அளவுக்குச் சுற்றுலாக் கூட்டம் இல்லை. இங்கேயும் அதே கணக்குதான், வார நாளாக இருக்க வேண்டும், வெளிச்சம் வந்ததும் ஏற ஆரம்பிக்க வேண்டும். காட்டெருமை உள்ள காடு, இருட்டில் ஏறாதீர்கள், எதிரே நின்றால் தூரத்திலேயே நின்று அது போகும் வரை காத்திருங்கள். வன விலங்குச் சரணாலயம், புலிகள் காப்பகம் வழியாகப் போகும் வேறு மலைச்சாலைகளுக்குத் திட்டமிட்டால் வனத்துறை சோதனைச்சாவடியில் சைக்கிளுக்கு அனுமதி உண்டா, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள். யானை நடமாடும் இடத்தில் சத்தமில்லாமல் வருகிற சைக்கிள் ஆபத்து, ஒரு வளைவில் திடீரென்று நேருக்கு நேர் நின்றுவிட நேரும்.

சமவெளிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் புதிது. போவதற்கு முன் பிரேக் கட்டைகளைப் பாருங்கள், செம்மண் தூசியில் ஓடி ஓடித் தேய்ந்திருக்கும், பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இருக்கையின் பின் ஓரம் வரை உடம்பைத் தள்ளி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டு ஓட்டப் பழகுங்கள். தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும், அழுத்தி விடுவதும் மறுபடி அழுத்துவதுமாக இறங்குங்கள், நாலைந்து வளைவுக்கு ஒரு முறை நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பாருங்கள், விரல் வைக்க முடியாத சூடு என்றால் ஆறும் வரை அங்கேயே நில்லுங்கள்.